கொஞ்சம் என்றால் எவ்வளவு?

(அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்காகத் தங்கை எழுதுவது)

அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். "நாலு வார்த்தைல அடங்காது அத்தான், எல்லாம் நல்லதாவும் இருக்காது" என்றேன். அவர் தலையாட்டினார். என் வாய் எப்படிப்பட்டது என்று இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களுக்கும் லயத்துச் சனங்களுக்கும் நன்றாகவே தெரியும். கோபம் வருகிற இடத்தில் கோபமாகவே எழுதியிருக்கிறேன். அக்கா இருந்திருந்தால் "அடக்கி வாசிடி" என்று சொல்லியிருப்பார். சொல்ல அவர் இல்லை.

அக்கா பிறந்தது நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் லயத்து வீட்டு வரிசையின் கடைசி ஓரறைக் காம்பராவில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அக்காவுக்குப் பிறகு எட்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஆகவே அக்கா எனக்குப் பாதி அம்மாவாகவே இருந்தார். தலை வாரிவிட்டதும் அவர், தலையில் குட்டியதும் அவர்.

அப்பாவின் சாவைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரு மழைநாள் காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து திரும்பி வந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். தோட்டத்து லொறிக்கு ஆள் அனுப்பினார்கள். "லொறி இப்ப வந்துரும்" என்றார் ஒருவர். "கொஞ்ச நேரந்தான், பொறுத்துக்கங்க" என்றார் இன்னொருவர். நாற்காலியில் வைத்துக் கீழே பெரிய ரோட்டுக்குத் தூக்கிப்போகலாமா என்று அம்மா கேட்டபோது, "எதுக்கு மழைல? லொறிதான் வரப்போகுதே" என்றார்கள். லொறி வந்தது. அது வரும்போது அப்பாவின் கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு அக்கா, வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரம்னு சொன்னீங்களே மாமா, எவ்வளவு நேரம்னு நெனச்சு சொன்னீங்க?" ஒரு நேரத்தை நினைத்து யாரும் சொல்லவேயில்லை. தேற்றுவதற்காகச் சொன்னார்கள். லொறி எங்கே நிற்கிறது, எந்த வளைவைத் தாண்ட வேண்டும், இந்தச் சேற்றில் எவ்வளவு நேரமாகும் என்று ஒருவராவது மனதில் போட்டுப் பார்த்திருந்தால், அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பார்கள். ஆறுதல் சொல்லிச் சொல்லியே ஆளை விட்டுவிட்டோம். பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கியது. பெரியவர்களுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் 'கொஞ்சம்', 'நெறைய', 'இப்ப வந்துரும்' என்று எதையும் சும்மா சொல்ல முடியாது. "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று உடனே வந்து நிற்பார். அம்மாவுக்கு எரிச்சல் வரும். "கறிக்கு உப்பு எவ்வளவுன்னு கைக்குத் தெரியும்டி, ஒனக்கு எதுக்கு?" என்பார். பிறகு தோட்டம் முழுக்க அக்காவுக்கு 'எவ்வளவு டீச்சர்' என்று பட்டப்பெயர் விழுந்தது. அவர் அதற்குக் கோபப்பட்டதில்லை.

ஆனால் டீச்சர் ஆவதற்குள் என்ன பாடுபட்டார்! அப்பா போன கையோடு, அக்காவின் பெயரையும் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பதிந்து கொழுந்துக்கு அனுப்பச் சொன்னார்கள். "நான் உசிரோட இருக்கிற வரைக்கும் எம்புள்ள பேரு செக்ரோல்ல ஏறாது" என்று கங்காணியின் முகத்துக்கு நேராகவே அம்மா சொன்னார். இரண்டு பேர் சம்பளத்தில் ஓடிய குடும்பம் ஒருவர் சம்பளத்தில் ஓடியது. அக்கா நோர்வூட்டுக்கு நடந்து போய்ப் படித்தார். கால் விரலிடுக்கில் அட்டை கடித்த தழும்போடுதான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனார். எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கே ஆசிரியையாக வந்து சேர்ந்த அன்று, அம்மா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வந்த அக்காவின் செருப்பை வாங்கிச் சேற்றைத் துடைத்து வைத்தார். பிறகு, நோர்வூட்டில் ஓட்டோ ஓட்டுகிற அத்தானுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் நடந்தது; அவரும் எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். பிள்ளை இல்லை. அதற்காகச் சனங்கள் பேசிய பேச்சை இங்கே எழுதினால் பேசியவர்களுக்குத்தான் வெட்கம், ஆகவே விட்டுவிடுகிறேன்.

அக்காவுக்கு நாலாம், ஐந்தாம் வகுப்புக் கணிதம். பாடத்தில் மதிப்பிடல் என்று ஒரு பகுதி இருக்கிறது. வேறு ஆசிரியர்கள் அதை ஒரு கிழமையில் முடித்துவிடுவார்கள். அக்கா அதை வருடம் முழுக்கச் செய்தார். கண்ணாடிப் போத்தலில் சோளம் போட்டு மேசையில் வைத்து, எத்தனை இருக்கும் என்று கேட்டாராம். ஒரு பிள்ளை "நூறு" என்றது. எல்லாப் பிள்ளைகளும் "நூறு" என்றார்கள். மறுநாள் பாதிப் போத்தல் வைத்தார். அதற்கும் "நூறு"! அன்று சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னார்: "பிள்ளைங்க போத்தலைப் பாக்கலடி, எம்மூஞ்சியைப் பாக்குதுங்க. எது சொன்னா டீச்சர் சிரிப்பாங்கன்னு பாக்குதுங்க."

அடுத்த நாளிலிருந்து கேள்வியைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். முதலில் ஒரு பிடி சோளத்தை எண்ணச் சொல்வார். பிறகு போத்தலில் எத்தனை பிடி இருக்கும் என்று பார்க்கச் சொல்வார். தேயிலை மலையைக் காட்டி, ஒரு நிரையில் உள்ள செடிகளை எண்ணிவிட்டு மலைக்கு எவ்வளவு என்று கேட்பார். யார் என்ன சொன்னாலும் "எதை வெச்சு சொன்ன?" என்று அடுத்த கேள்வி வரும். சொன்னது தூரமாக இருந்தால் ஏச்சு இல்லை. எதையும் வைத்துப் பார்க்காமல் வாயில் வந்ததைச் சொன்னால்தான் ஏச்சு.

அந்தப் பாடத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளிடமும் அழிறப்பரை வாங்கி மேசையில் வைத்துவிடுவார். ஏனென்றால், முதலில் உத்தேசமாக எழுதியதை, அளந்து பார்த்த பிறகு அழித்துவிட்டுச் சரியான விடையையே உத்தேசம் என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். இதற்காக ஒரு தகப்பன் பாடசாலைக்கே சண்டைக்கு வந்தார்.

"டீச்சர், எம்புள்ள பிழையா எழுதுனதை ஏன் அழிக்க விட மாட்டேங்கிறீங்க? கொப்பியைப் பாத்தா கேவலமா இருக்குங்க."

"அது பிழை இல்லீங்கண்ணே. அவ கண்ணு எவ்வளவு தூரம் பாக்குதுன்னு அவளுக்கே தெரியணும். அழிச்சுட்டா எப்படித் தெரியும்?"

"புலமைப்பரிசில் பரீட்சைல இதுக்குப் புள்ளி போடுவாங்களா?"

"போட மாட்டாங்க" என்றார் அக்கா. அந்த மனிதர் பிள்ளையை டவுன் பாடசாலைக்கு மாற்றிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் மாற்றினார்கள். அக்காவுக்கு அது வலித்தது. ஆனால் அழிறப்பரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இனி ஜீவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்துக்கு மேல் லயத்துப் பிள்ளை. இந்த மலரைப் படிக்கும் சிலர் அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள், ஆனால் படியுங்கள்.

நாலாம் வகுப்பில் அக்கா ஒருநாள், லயத்திலிருந்து பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்று உத்தேசமாக எழுதச் சொன்னார். ஜீவிதா இரண்டு விடை எழுதியிருந்தாள். லயத்திலிருந்து பாடசாலைக்கு ஒன்று, பாடசாலையிலிருந்து லயத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு. வகுப்பே சிரித்தது. "ஒரே பாதைதானே, எதை வெச்சு ரெண்டு சொன்ன?" என்று அக்கா கேட்டார். "எறங்குறப்ப கால் வலிக்காது டீச்சர், ஏறுறப்ப வலிக்கும்" என்றாள். மலையில் பிறந்த பிள்ளைகள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. அக்கா அவளைத் திருத்தினார். தூரம் ஒன்றுதான், நேரம்தான் இரண்டு என்று அளந்தும் காட்டினார். ஆனாலும் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "மத்ததுங்க நம்பரைச் சொல்லுதுங்க. இவ நடந்து பாத்துட்டுச் சொல்றா" என்றார்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள், வெட்டியெடுத்தார்கள். கொழும்புப் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு வேனில் போவதும் வருவதுமாக மாதங்கள் போயின. ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றி வந்த பிறகும் எழுந்து உட்கார ஒரு கிழமை ஆகும். உட்கார்ந்ததும் அடுத்த பயணம். அக்கா வாய்விட்டு அழுது நான் பார்த்தது அந்த வேனில்தான். திரும்பும் வழியில் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, மலையேற்றத்து ஊர்ப் பெயரைச் சொல்லி, "கினிகத்தேனை வந்துருச்சா?" என்று கேட்பார். வந்திருக்காது.

ஒருநாள் டாக்டர் அத்தானை மட்டும் வெளியே அழைத்துச் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மருந்து இனிக் கேட்காது, விரும்பினால் இன்னொரு சுற்றுக் கொடுத்துப் பார்க்கலாம், வருடக் கடைசி வரைக்கும் இருந்தாலே பெரிது என்று. அத்தான் வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா, "அவகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கினார். என் வாய் சும்மா இருக்காது என்று என்னிடமும் மறைத்தார்கள். நம் சனங்களின் வழக்கம் இதுதானே! நோயாளியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"குத்துமதிப்பா சொல்லுங்களேன். எவ்வளவு நாளுன்னு தெரிஞ்சா நான் ஒரு முடிவு எடுப்பேன். இந்த வேன்ல போய்ச் சாகுறதா, பிள்ளைங்களோட இருக்கிறதான்னு."

"சரியாயிரும்" என்றார் அத்தான். "கொஞ்ச நாள்ல எந்திரிச்சு நடப்ப" என்றார் அம்மா.

அக்காவிடம் போய், 'கொஞ்ச நாள்'! இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்தவர், மூன்றாவதைக் கொடுப்போம் என்று வாயால் எப்படிச் சொல்வார்? ஆனால் இருப்பதே கைப்பிடி நாள். அதை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கிற உரிமை அக்காவுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

அடுத்த சுற்று மருந்துக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா, "நான் அடுத்த தவணைக்குப் பாடசாலைக்கு வருவேனா? மதிப்பிட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பழைய வழக்கப்படி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வருவீங்க டீச்சர்", "கட்டாயம் வருவீங்க டீச்சர்" என்று எல்லாரும் கத்தினார்கள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அக்காவின் கால்களையே ஜீவிதா பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டும் வீங்கியிருந்தன.

"எறங்கி வருவீங்க டீச்சர்" என்றாள். "ஆனா திரும்பி மேல ஏற மாட்டீங்க."

அக்கா திரும்பினார். "எதை வெச்சு சொன்ன?"

"எங்க தாத்தாவுக்கும் கால் இப்படித்தான் வீங்குச்சு டீச்சர். அதுக்கப்புறம் ஒருக்கா கோயிலுக்கு எறங்கினாரு. ஏறல."

"எது வரைக்கும் இருப்பேன்?"

அவள் யோசித்தாள். சும்மா சொல்லவில்லை, யோசித்தாள். "தீவாளி வரைக்கும்."

"அடி செருப்பால! சீக்காளி வீட்டுக்கு வந்து பேசுற பேச்சா இது?" என்று அம்மா பாய்ந்தார். பிள்ளைகள் சிதறினார்கள். அக்கா ஜீவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "யாரும் அவளை ஏசக்கூடாது" என்றார். அப்படியொரு குரலில் அக்கா அம்மாவிடம் பேசி நான் கேட்டதேயில்லை.

பிள்ளைகள் போனதும் அத்தானைக் கூப்பிட்டார். "பிள்ளை சொல்லிருச்சு. டாக்டர் என்ன சொன்னாரு?" அத்தான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார். நானும் அப்போதுதான் கேட்டேன். "அப்ப ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சொல்லியிருக்காங்க" என்றார் அக்கா. "வேனுக்கு வேணாம்னு சொல்லிருங்க."

அதற்கடுத்த கிழமை, தவணை தொடங்கியதும், கதிரையில் வைத்து அக்காவைக் கீழே கொண்டுபோனோம். பாடசாலைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஆசிரியர் குவார்ட்டர்ஸில் ஓர் அறையைத் துப்பரவாக்கித் தந்தார் அதிபர். காலையில் ஒரு பாடவேளை, முடிந்த நாட்களில் இரண்டு. நிற்க முடியாததால் கதிரையிலிருந்தே கேட்பார். சுவரைப் பார்க்கத் திரும்புவதற்கு யாராவது கதிரையைத் திருப்பிவிட வேண்டும். வலி வரும்போது பாடம் நிற்கும், போனதும் தொடரும். பிள்ளைகள் அந்த இடைவெளியில் சத்தம் போடாமல் இருந்தார்கள். அவை நல்ல நாட்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இரவு பூராவும் முனகுவார். ஆனாலும் அவை அவருடைய நாட்களாக இருந்தன.

தீபாவளி வந்தது, போனது. மறுநாள் அக்கா ஜீவிதாவைக் கூப்பிட்டனுப்பினார். "பாத்தியா, தாண்டிட்டேன். கொறைச்சு சொல்லிட்ட. கொப்பில எழுதிக்க, முதல்ல சொன்னதை அழிக்காத" என்றார். அந்தப் பிள்ளை சிரித்தாள். அக்காவும் சிரித்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். கார்த்திகை விளக்கு வைத்த பிறகு அக்கா கண்ணை மூடினார்.

எங்கள் மயானம் லயத்துக்கும் மேலே, தேயிலைக்கு நடுவில். மழையில் அக்காவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் ஏறினோம். தோள் கொடுத்தவர்கள் வழுக்கி வழுக்கி ஏறினார்கள். அப்போதுதான் ஒரு பெண் சொன்னார், பெயர் வேண்டாம்: "அந்தக் கருநாக்குக்காரி சொன்ன மாதிரியே ஆயிருச்சு பாருங்க. திரும்பி ஏறவேயில்லயே." மயானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த ஒரு வருடமாக அந்தப் பிள்ளை பட்டதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டு வாசலில் அவளை நிற்க விடுவதில்லை. சடங்கு வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குப் பலகாரம் உள்ளே, அவளுக்குக் கையில் கொடுத்து வெளியே. அவளுடைய அம்மாவே, "வாயைத் தொறக்காத" என்று சொல்லித்தான் பாடசாலைக்கு அனுப்புகிறார். அக்காவின் இடத்துக்கு வந்த ஆசிரியை என்னிடம் சொன்னார்: "எது கேட்டாலும் தெரியாதுங்கிறா. போத்தலைப் பாக்குறா, கண்ணு ஓடுது, ஒதடும் அசையுது. கேட்டா, தெரியாது டீச்சர்னு உக்காந்துருறா."

அந்தச் சின்ன நாக்குதான் அக்காவைக் கொன்றது என்றால், தீபாவளியோடு கொன்றிருக்க வேண்டாமா? அவள் சொன்ன நாளைத் தாண்டியும் அக்கா இருந்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? "இப்ப வந்துரும்" என்று சொன்ன நல்ல நாக்குகள் என் அப்பாவைக் காப்பாற்றினவா? அக்காவுக்கு நாம் எல்லாரும் ஆறுதல் சொன்னோம். உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். அதனால்தான் அக்கா வேனில் சாகாமல் வகுப்பில் இருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நேரம் காலம் பார்க்காமல் எனக்கு லீவு தந்ததோடு, பயணத்துக்கெல்லாம் தன் வேனையும் தந்த, நான் வேலை செய்யும் ஹட்டன் புடவைக்கடை முதலாளி நானாவுக்கும், அறை தந்த அதிபருக்கும், கஞ்சி கொண்டுவந்த கீழ் லயத்துப் பெண்களுக்கும், மழையில் தோள் கொடுத்த தம்பிமாருக்கும், மருந்து கட்டிய தாதிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவோடு கடைசி வரைக்கும் அந்தக் குளிர் அறையில் கிடந்த அத்தானுக்கும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கீழே அனுப்பிவைத்த அம்மாவுக்கும் நான் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. ஆண்டுத் திதிச் சாப்பாட்டுக்கு எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, நான் ஜீவிதாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "தெரியாது ஆன்ட்டி" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பிறகு பின்னாலிருந்து கேட்டாள்: "அன்னிக்கு மழை பெய்யுமா, பெய்யாதா ஆன்ட்டி?"

"தெரியாதே" என்றேன்.

"பெய்யாட்டி நூத்தி நாப்பது பேரு. பெஞ்சா நூத்திப் பத்து. மேல ஏறி வரணும்ல."

அன்று வானத்தைப் பார்த்து, அந்தக் கணக்குக்குத்தான் உலை வைக்கப்போகிறோம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது, நீங்கள் அவள் சொன்ன தொகையில் ஒருவராக எங்கள் பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள். பரிமாறுகிறவர்களோடு அவளும் நிற்பாள். சோறு கூடினாலும் குறைந்தாலும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவளிடம் சொல்லுங்கள். அவள் எழுதிக்கொள்வாள்.